எருக்கலை வளவு

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் வேலிச் சண்டை முற்றினால், கடைசியில் ஒரு பிடி மண்ணை அள்ளி எறிந்து சொல்கிற வார்த்தை ஒன்று இருந்தது: "உண்ட வளவுல எருக்கல மொளைக்க!" வீடு பாழாகி, ஆளில்லாமல் போய், குடியிருந்த இடத்தில் எருக்கலை முளைக்கட்டும் என்பது பொருள். அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. சின்ன வயதில் வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்து அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் உம்மாவின் வளவில் எருக்கலை முளைத்தது. எங்களை யாரும் அப்படி ஏசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கடலைப் பார்த்துக் கிடக்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. உம்மாவின் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை உம்மா அங்கே தனியாக இருந்தார். அந்தக் காலையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார். வீட்டில் மிஞ்சியவை அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் குசினிச் சுவரில் முழங்கால் உயரமும். முருங்கையும் மாவும் உப்பில் கருகிப்போயின. தென்னைகளில் இரண்டு நின்றன.

வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கு, மேற்கில் 100 மீற்றருக்குள்ளும் கட்டடம் கட்டக்கூடாது என்று அரசாங்கம் அப்போது அறிவித்தது. கடல் திசை பார்த்து வேறுவேறு அளவில் வந்ததா என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் உள்ளுக்குள் குடிபோய்விட்டார்கள். எங்கள் 16 பேர்ச் காணியும் அதைச் சுற்றிய காணிகளும் அப்படியே கிடந்தன. என் தங்கைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மனமில்லை. காணி என் பங்குக்கு வந்தது.

வெறும் மணலில் முதலில் படர்ந்தது அடம்பன் கொடி. பிறகு இராவணன் மீசையும் கோரையும் பெயர் தெரியாத சிறு புற்களும். அதன் பின்னால் மாடுகள் வந்தன. என் மூத்தம்மா காலத்தில் ஊருக்கு மேற்கே பெரிய தரவை இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் இடையிடையே பற்றையும் மாடும். அது வயலாகி, பிறகு வீடாகி, கடைசியில் தரவை என்ற சொல்லே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது வீடுகள் இருந்த இடம் தரவையாகக் கிடந்தது. மாடு புல்லைக் கடித்துக் கடித்து நிலத்தோடு வைத்திருந்தது. எருக்கலையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. எருக்கலைக்கு அது போதும். அதற்கு வேண்டியது வெயில், நிழல் ஆகாது. உப்பு மண்ணானாலும் சரி, வேரை ஆழத்துக்கு இறக்கிக்கொள்ளும். காய் வெடித்தால் ஒவ்வொரு விதையும் ஒரு பட்டுக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் போகும். ஆட்களை ஏற்றியிறக்கிய இடமெல்லாம் அது போய் இறங்கிற்று. அத்திவாரக் கல்லின் வெடிப்பில்கூட ஒன்று.

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை. ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. அந்த நாட்களில் பதினைந்து வருடமாக ஆண்டுதோறும் கரும்பலகையில் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை வரைந்து வந்தவள். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி. நான்கு படம், நான்கு அம்புக்குறி. பரீட்சைக்கு வரும் கேள்வி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுவரை ஒரு வண்ணத்துப்பூச்சியின் முட்டையை நான் கண்ணால் கண்டதில்லை.

கண்டது என் மகள். 2006 ஜனவரியில், மாரி ஓய்ந்து வெயில் வந்த ஒரு சனிக்கிழமை, கிணற்றை மூட ஆள் பேசுவதற்காக அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்க, அவள் பழைய மண்டபம் இருந்த இடத்தில் குந்தியிருந்து கத்தினாள்.

"உம்மா, இஞ்ச வாங்க. மூத்தம்மாட ஊட்டுல ஆரோ இரிக்காங்க."

எருக்கலை இலையில் ஒரு மயிர்க்கொட்டி. எங்கள் சொல் அது. ஆனால் அதன் உடம்பில் ஒரு மயிர் இல்லை. வழுவழுப்பான உடம்பைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். முதுகின் இரு பக்கமும் மஞ்சள் பொட்டுகள். முன்னால் ஒரு சோடி, நடுவில் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி என்று கறுப்புக் கொம்புகள். கொம்பென்றால் குத்துகிற கொம்பல்ல. மெல்லிய நாடா மாதிரி, நடக்கும்போது ஆடும். மகள் அதற்குப் பக்கத்து இலையைத் திருப்பினாள். கசகசா மணியைவிடச் சற்றே பெரிய, வெண்மையான ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சி கூம்பி, மேலிருந்து கீழே நுண்ணிய வரிகளோடு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பதினைந்து வருடமாக நான் வரைந்த முட்டை வெறும் வட்டம்.

கிணற்றுக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி வைத்து எழுதத் தொடங்கினேன். பள்ளி விட்டு வந்து, அஸருக்குப் பிறகு மகளோடு அந்த வளவுக்குப் போவது வழக்கமாயிற்று. உம்மா மௌத்தாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் இருந்தவள் நான். மயிர்க்கொட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் நிற்க முடிந்தது.

பூச்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். கண்டிராதவர் இந்த நாட்டில் இருக்க முடியாது. செம்மஞ்சள் செட்டை, முன் செட்டையின் நுனி கறுப்பு, அதற்குள் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டி, பின் செட்டைக்குக் கறுப்புக் கரை. விரித்தால் ஏழு, எட்டு சென்ரிமீற்றர். தமிழ்நாட்டில் வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் எங்கள் ஊரில் எல்லா வண்ணாத்திப்பூச்சிக்கும் ஒரே பெயர், வண்ணாத்திப்பூச்சி. விஞ்ஞானப் பெயர் டனாவுஸ் கிரிசிப்பஸ். லின்னேயஸ் 1758இல் வைத்தது. ஆபிரிக்காவிலும் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் வெயிலுள்ள வெளியெல்லாம் இதன் நாடு. காட்டுக்குள் போகாது. எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில், நாணற்புதரில் பறவை வேட்டையாடும் ஓவியத்தில் இந்தப் பூச்சியை எழுதியிருக்கிறார்கள். இற்றைக்கு 3300 வருடத்துக்கு மேல் பழைய ஓவியம், இப்போது லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தபோது முன் செட்டையின் அந்த வெள்ளைப் பட்டி பிசகாமல் இருந்தது. எழுதியவன் பூச்சியைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறான். நான் கரும்பலகையில் கீறியதைவிட ஆயிரம் மடங்கு திறம்.

முட்டை இடுவதைப் பார்க்க எங்களுக்கு ஆறு நாள் பிடித்தது. பெண் பூச்சி பறப்பதே தனி விதம். தாழ்வாக, ஆறுதலாக, ஒரு செடியையும் விடாமல் போகும். இலையில் இறங்கி, முன்கால்களால் இலையைத் தட்டும். "உம்மா, பூச்சிக்கி ஆறு காலெண்டு படிப்பிச்சீங்க, இதுக்கு நாலுதான் இரிக்கி" என்றாள் மகள். முன்னிரண்டு கால்களும் குட்டையாகி நெஞ்சோடு மடிந்து கிடக்கின்றன. நடப்பதற்கு அவை உதவாது. பெண் அவற்றால் தட்டித்தான் இலையின் சுவையை அறிகிறது. அடம்பனைத் தட்டிற்று, போயிற்று. புல்லைத் தட்டிற்று, போயிற்று. மகளின் சட்டையில் இலைப்படம் போட்டிருந்தது, அதிலும் இறங்கித் தட்டிற்று. எருக்கலையைத் தட்டியதும் வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரு முட்டையை ஒட்டியது. ஒன்றே ஒன்று. பிறகு அடுத்த செடிக்குப் போய்விட்டது. ஏன் ஒரு இலையில் ஒன்று என்பது பின்னால்தான் விளங்கியது. பெரிய குடம்பி போகிற வழியில் முட்டை கிடந்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. தன் இனம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் முட்டை வெடித்து, கறுத்தத் தலையுள்ள ஒரு நூல் துண்டு வெளியே வந்தது. முதலில் முட்டைக் கோதைத் தின்றது. பிறகு இலையின் அடியில் வட்டமாக ஒரு கீறல் கீறத் தொடங்கியது. எருக்கலை இலையைக் கிள்ளினால் பால் பொங்கும், உங்களுக்குத் தெரியும். அந்தப் பாலுக்கு இந்த நூல் துண்டு ஈடு கொடுக்க வேண்டும். ஆகவே வட்டமாகக் கீறி, பாலை வடியவிட்டு, வட்டத்துக்கு நடுவில் இருந்து தின்னுகிறது. பெரிதான பிறகு இன்னும் கெட்டித்தனம்: இலையின் நடு நரம்பைக் கடித்து வைக்கும், இலை தொங்கிப் போகும், பால் அந்தப் பக்கம் வராது. கடித்த இடத்தில் மட்டும் வெள்ளைத் துளி திரண்டு நிற்கும். சில குஞ்சுகள் முதல் நாளே பாலில் ஒட்டிக் காய்ந்திருந்தன. மகள் அவற்றை எண்ண வேண்டாம் என்றாள். நான் எண்ணினேன்.

எருக்கலைப் பால் எங்கள் உம்மாவின் வைத்தியம். காலில் முள் ஏறினால் அந்த இடத்தில் ஒரு துளி விடுவார், மறுநாள் முள் தலை காட்டும் என்பார். முழங்கால் வலிக்கு இலையை நெருப்பில் வாட்டி ஒத்தடம். ஆனால் செடிக்குக் கிட்ட எங்களைப் போக விடமாட்டார். கண்ணில் பட்டால் கண் போயிடும் என்று வெருட்டுவார். அது வெறும் வெருட்டல்ல. அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. குடம்பி அதைச் சாப்பிட்டு, கெட்டுப் போகாமல், உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செட்டை முளைத்த பிறகும் அந்த நஞ்சு கூடவே இருக்கும். அதனால்தான் இந்தப் பூச்சிக்கு அவசரம் இல்லை. ஒருமுறை ருசி பார்த்த குருவி மறுமுறை அந்த நிறத்தைக் கண்டால் விட்டுவிடும். பிடிபட்டாலும் செத்த மாதிரிக் கிடக்கும். தோல் கெட்டி, இலேசில் கிழியாது. விட்டதும் எழும்பிப் போகும்.

இந்த மரியாதையில் பங்கு கேட்க வேறொரு பூச்சியும் வருகிறது. அதன் ஆண் கறுப்பு வெல்வெட்டில் வெள்ளை வட்டம் வைத்தது போல, ஒரு தொடர்பும் இல்லாமல் இருக்கும். பெண்ணோ வெந்தய வரியனை அப்படியே உடுத்திக்கொண்டு பறக்கும். நஞ்சு கிடையாது, சாப்பிட்டது தரையில் படர்ந்த கீரை. உடுப்பு மட்டும்தான். இரண்டு வருடமாக அதையும் சேர்த்து எண்ணிக் கொப்பியில் எழுதி வந்திருக்கிறேன். பிறகுதான் பின் செட்டையின் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்துப் பிரிக்கக் கற்றேன். உண்மையானதற்கு மூன்று பொட்டு, ஆணுக்கு இன்னொன்று கூட. ஆணின் அந்த நாலாவது பொட்டு வாசனைப் பை. அந்த வாசனைக்கு வேண்டிய சரக்கு எருக்கலையில் இல்லை. வாடிப்போன தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் ஆண்கள் கூட்டமாக மொய்த்து உறிஞ்சி எடுக்கின்றன. காய்ந்த செடியில் என்ன தேன் இருக்கிறது என்று முதலில் நான் குழம்பினேன். அது தேனுக்கு அல்ல, பெண்ணுக்கு.

ஆகவே இதற்கு வெறும் எருக்கலை மட்டும் போதாது. முட்டைக்கு எருக்கலை, தேனுக்கு நாயுண்ணியும் மூக்குத்திப் பூண்டும், ஆணுக்குத் தேள்கொடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மறைப்பில்லாத வெயில். நாங்கள் துப்புரவு செய்யும்போது முதலில் பிடுங்கி எறிகிற செடிகளின் பட்டியலை எழுதினால் இதுதான் வரும்.

குடம்பி நான்கு தடவை சட்டை கழற்றிற்று. கழற்றிய சட்டையையும் தின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு வந்து, தின்பதை நிறுத்தி, இடம் தேடி அலைந்தது. நாங்கள் நாலைந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அகன்ற வாய்ப் போத்தலில் விட்டு, உம்மாவின் பழைய மல் துணி ஒன்றால் வாய் கட்டி வைத்திருந்தோம். மூடித் துணியில் பட்டால் ஒரு பொட்டு வைத்து, அதில் பின்காலைக் கொளுவித் தலைகீழாக, தூண்டில் முள்ளைப் போல வளைந்து தொங்கிற்று. மறுநாள் தோல் முதுகில் பிளந்து, மேலே சுருண்டு, விழுந்தது. உள்ளே இருந்தது வெளிர் பச்சைக் கூடு. அதன் இடுப்பைச் சுற்றி மணி கோர்த்தது போல ஒரு வரி. அங்கங்கே பொன் புள்ளி. பொன் நிறம் என்று சொல்லவில்லை, பொன்னே தான். மகள் என் காப்பைக் கிட்டப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தாள். செடியில் தொங்கினால் பச்சை. சுவரிலோ துணியிலோ தொங்கினால் சிலது வெளிர் சிவப்பாகிவிடும். எங்கள் போத்தலில் இரண்டு நிறமும் இருந்தன.

ஒன்பதாம் நாள் கூடு கறுத்தது. கறுத்ததல்ல, கூடு கண்ணாடியாகி உள்ளே மடிந்திருந்த செம்மஞ்சள் தெரிந்தது. சுபஹுக்குப் பிறகு மகளை எழுப்பினேன். கூடு வெடித்து, ஈரமான, கசங்கிய ஒன்று வெளியே வந்து தொங்கியது. பெருத்த வயிறு, பிரயோசனமில்லாத சின்னச் செட்டை. வயிற்றிலிருந்த நீரைச் செட்டை நரம்புகளுக்குள் தள்ளத் தள்ள, அது விரிந்துகொண்டு வந்தது. மங்கிய செந்நிறத்தில் ஒரு துளி துணியில் விழுந்தது. உம்மாவின் துணி. நான் அதைக் கழுவவில்லை.

முட்டைக்கு 3, குடம்பிக்கு 13, கூட்டுக்கு 9. ஆக 25 நாள். கொப்பியின் முதல் பக்கத்தில் மகளின் கையெழுத்தில் அந்தக் கூட்டல் இன்னும் இருக்கிறது.

அடுத்த கூட்டிலிருந்து பூச்சி வரவில்லை. பக்கவாட்டில் ஒரு ஓட்டை விழுந்து, வெள்ளைப் புழுக்கள் மூன்று, வழுவழுப்பான நூலில் தொங்கிக்கொண்டு போத்தலின் அடிக்கு இறங்கின. ஒட்டுண்ணி ஈயின் புழுக்கள். குடம்பியாக இருந்தபோதே உள்ளே புகுந்து, அது வளர வளரத் தாங்களும் வளர்ந்திருக்கின்றன. குடம்பி தின்றது எல்லாம் அவற்றுக்காக. மகள் அன்று பகல் சாப்பிடவில்லை. "அதுக்கு நொந்திருக்குமா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வருடமாக அதே கேள்வியை இன்னொருவரைப் பற்றி என்னிடம் நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத்துக்குப் பிறகு வாழ்க்கை வட்டம் படிப்பிக்கும்போது பிள்ளைகளை முதலில் எருக்கலைப் பற்றைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். பாடத்திட்டத்தை முடிக்காமல் பிள்ளைகளை வெயிலில் அலைய வைக்கிறேன் என்று ஒருமுறை முறைப்பாடு வந்தது. நியாயமான முறைப்பாடுதான், பாடம் முடியவில்லை. ஆனால் அந்த வட்டத்தில் பாலில் ஒட்டிக் காய்ந்ததற்கோ ஈப் புழுவுக்கோ ஒரு அம்புக்குறியும் இல்லை. நான்கு அம்பும் பத்திரமாக அடுத்த படத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

வருடங்கள் போயின. யுத்தம் 2009இல் முடிந்தது. கடற்கரைப் பக்கம் மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். முதலில் வாடி, பிறகு மதில், பிறகு வீடு. மதில் வந்ததும் மாடு வரவில்லை. மாடு வராத இடத்தில் புல் உயர்ந்தது, பிறகு ஆட்கள் தென்னை வைத்தார்கள், நிழல் விழுந்தது. டெங்கு என்று சொல்லி வருடம் இரண்டு முறை சிரமதானம். பற்றை கண்ட இடமெல்லாம் வெட்டு. இதில் யாரைக் குறை சொல்ல? டெங்கில் போன ஒரு பிள்ளையின் ஜனாஸாவுக்கு நானும் போயிருக்கிறேன். சுற்றிவர உள்ள காணிகளில் எருக்கலை ஒன்றொன்றாகப் போய், 2020 அளவில் எங்கள் 16 பேர்ச்சும் பக்கத்து வெறுங்காணி ஒன்றும்தான் மிஞ்சின. கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. நாங்கள் அங்கே இல்லாத காலம்தான் அந்தப் பூச்சி அங்கே வாழ்ந்த காலம். எங்கள் சனம் திரும்பி வரவேண்டும் என்று துஆக் கேட்டவளும் நான்தான்.

பிறகு என் முறை வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்ய வேண்டும். இதற்கு எதிராக மேடைகளில் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். மகளுக்கு என்று வந்தபோது, பேசியதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சேமலாப நிதியைக் கணக்குப் பார்த்தேன். வேறு காணி என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும், உம்மாவின் மண்ணில் விளக்கெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பெக்கோவுக்கு ஆள் பேசியது நான், முற்பணம் கொடுத்ததும் நான்.

2024 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பெக்கோ வருவதாக இருந்தது. முதல் நாள் மாலை நானும் மகளும் போனோம். மாரி அந்த முறை பிந்தி ஓய்ந்திருந்தது. செடிகள் தளதளவென்று நின்றன. பதினொரு குடம்பி, கூடு நான்கு. முட்டைகளைத் தேடவில்லை; தேடினால் அன்றிரவு நித்திரை வராது என்று எனக்குத் தெரியும். இலையோடு குடம்பிகளை நறுக்கி, ஒரு பேசினில் போட்டுக்கொண்டு, கடற்கரை ஓரமாக நடந்து பக்கத்து வெறுங்காணியின் செடிகளில் விட்டோம். மகள் கர்ப்பமாக இருந்தாள். குனிய வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கூடுகளைக் கொப்போடு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பெக்கோ ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டது. பத்தொன்பது வருடம் வளர்ந்த எருக்கலையின் வேர் ஒரு ஆளின் தொடை மொத்தம் இருந்தது. அதோடு உம்மாவின் வீட்டு அத்திவாரக் கற்களும் பிரண்டு வந்தன. மேசன் பாஸ் அவற்றைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நல்ல கல்லு, திரும்பப் பாவிக்கலாம்" என்றார். பாவித்தோம்.

நாலு கூட்டில் இரண்டு பூச்சி வந்தது. ஒன்றில் ஈப் புழு. ஒன்று கறுத்துக் காய்ந்து போயிற்று. அடுத்த கிழமை வெறுங்காணிக்குப் போய்ப் பார்த்தேன், ஐந்து குடம்பி இருந்தன. நாங்கள் விட்டவையா முன்பே இருந்தவையா என்று சொல்ல வழியில்லை. கட்டட வேலை நடந்த நாட்களில் பெண் பூச்சிகள் பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்தன. தாழ்வாகப் பறந்து, கிறவல் குவியலில் இறங்கித் தட்டும். நீல நிறப் பொலித்தீனைத் தட்டும். சீமெந்துப் பையைத் தட்டும். மேசன் பாஸின் உதவியாள் பொடியன், "டீச்சர், இது என்னமோ தேடுது" என்றான்.

வீடு குடிபுகுந்து இப்போது ஒரு வருடம். பேரன் தவழத் தொடங்கிவிட்டான், கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, மகள் கத்தியோடு கிணற்றடியில் நின்றாள். கிணற்றுக் கட்டுக்கும் மதிலுக்கும் இடையில், கிறவலைப் பிளந்துகொண்டு எருக்கலை முளைத்து முழங்கால் அளவு வந்திருந்தது. எங்கேயோ ஒரு வேர்த் துண்டு பெக்கோவுக்குத் தப்பியிருக்கிறது. பால் பிள்ளையின் கண்ணில் பட்டால் என்ன செய்வது, அவர் வேலையால் வருவதற்கு முதல் வெட்டிவிடுகிறேன் என்றாள். சரி என்றேன். என் உம்மா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அவள் குனியும்போது ஒரு பெண் பூச்சி மதிலுக்கு மேலால் வந்தது. கொடியில் காய்ந்த பிள்ளையின் சட்டையைத் தட்டிற்று. செவ்வரத்தையைத் தட்டிற்று. பிறகு எருக்கலையில் இறங்கி வயிற்றை வளைத்தது.

மகள் கத்தியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"எத்தின நாள் உம்மா?"

"இருபத்தஞ்சி."

பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மதிலோரம் சாத்தியிருந்த பழைய கிடுகை இழுத்து வந்து செடியைச் சுற்றி மறைப்புக் கட்டத் தொடங்கினாள்.